படித்துக் காட்டப்பட்டது

எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் 'அமைதி, நீதி, மோதல் தீர்வு' என்று புதிதாக ஒரு படிப்பு தொடங்கியிருக்கிறார்கள். அதன் பேராசிரியர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். மாணவர்களுக்காக மலர் ஒன்று போடுகிறார்களாம். அதில் 'இத்துறையில் உள்ள வாய்ப்புகள்' என்று நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். "கொஞ்சம் ஊக்கமா இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, கையோடு ஒரு வண்ணத்தாளையும் கொடுத்துவிட்டுப் போனார்.

தாளில் ஒரு புறா. புறாவுக்குக் கீழே கோட்டு போட்ட இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள். இரண்டு பேருமே வெள்ளைக்காரர்கள். காரைக்காலில் ஏதாவது அடிதடி என்றால் அவர்கள்தான் வந்து தீர்த்து வைப்பார்கள் போலிருக்கிறது. அதற்குக் கீழே வாய்ப்புகள்: சர்வதேச சபைகள், தூதரகங்கள், ஆய்வு உதவித்தொகை, பெருநிறுவனங்களில் சமரச ஆலோசகர். ஜெனீவா என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. தாலுகா அலுவலகம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

நான் துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. என் ஓய்வூதியக் காகிதங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்கிற இருக்கையில் கழிந்தது. இரண்டு தரப்பு அடித்துக்கொள்ளும். காவல் நிலையத்திலிருந்து கடிதம் வரும். தாசில்தார் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். பேசியதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்குவது என் வேலை. நான் செய்துகொண்டிருந்தது 'மோதல் தீர்வு' என்பது அந்தப் புறாத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வேலையில் இருந்தவரை அதை நாங்கள் 'ரோதனை' என்றுதான் சொல்வோம். "இன்னிக்கு என்னா சீட்டு?" "ரோதனைதான்."

இந்த இருக்கைக்கு என்ன தகுதி பார்த்து என்னைப் போட்டார்கள் என்று மாணவர்கள் கேட்கலாம். நான் படித்தது தாவரவியல். கையெழுத்து அழகாக இருக்கும், வாய் சும்மா இருக்காது. கையெழுத்துக்காக இங்கே எடுத்தார்கள். வாய்க்காக மற்ற பிரிவுகள் என்னை விட்டுக்கொடுத்தன. பயிற்சி என்பது ஒரு திங்கட்கிழமை காலை. எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் பீரோச் சாவியைக் கொடுத்து, "மூணாவது தட்டு திறக்காது, உதைக்கணும்" என்றார். அதோடு பட்டம் பெற்றுவிட்டேன்.

படிப்பு என்று ஏதாவது நடந்தது என்றால் அது லூர்துசாமி சாரிடம். அப்போது அவர்தான் தாசில்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த வாசனையில் சாரும் நடவடிக்கைக் குறிப்பை 'புரோசே' என்றுதான் சொல்வார். "புரோசே ரெடியாய்யா?" என்பார். கூட்டம் முடிந்த பிறகு அல்ல, தொடங்குவதற்கு முன்பு. இரண்டு தரப்பும் வந்து உட்காருவதற்குள் அவர்கள் மனமுவந்து என்னவெல்லாம் ஒப்புக்கொண்டார்கள் என்பது தட்டச்சாகி என் கையில் இருக்க வேண்டும்.

சாருடைய முறை ஒன்றும் லேசுப்பட்டது அல்ல. கூட்டத்தைக் காலையில் வைக்கவே மாட்டார். சரியாகப் பன்னிரண்டு மணி. இரண்டு பெஞ்சுகளும் எதிரெதிரே இருக்காது. இரண்டும் சாரைப் பார்த்தபடி இருக்கும். ஒருத்தரை ஒருத்தர் முறைக்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். அரைமணி நேரம் கழுத்தைத் திருப்பியபடி யாராலும் கோபப்பட முடியாது என்பது சாருடைய ஆராய்ச்சி. முதல் ஒரு மணி நேரம் அவர் வாயைத் திறக்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், இரு தரப்பின் பழைய மனுக்களைப் புரட்டுவார், அவர்கள் கத்தித் தீர்ப்பார்கள். ஒன்றரை மணிக்குப் பக்கத்து ஓட்டலிலிருந்து சாம்பார் தாளிக்கும் வாசனை ஜன்னல் வழியாக வரும். அப்போதுதான் தலையை நிமிர்த்தி, "அப்பறம்? முடிச்சிடலாமா?" என்பார். இரண்டே காலுக்குள் கையெழுத்து விழுந்துவிடும். பசி வந்தவனுக்குக் கொள்கை இரண்டாம் பட்சம் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

எழுதுவதற்கும் அவருக்குச் சட்டம் உண்டு. கண்ணீர், சத்தியம், கெட்ட வார்த்தை மூன்றும் புரோசேயில் வரக்கூடாது. "அவன் அழுதான்னு எழுதினா ஏன் அழுதான்னு மேலேருந்து கேப்பான். நமக்கு எதுக்குய்யா வம்பு?" ஆகவே, ஒருத்தன் மண்ணை வாரித் தூற்றி, மார்பில் அடித்துக்கொண்டு, குலதெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்திருந்தாலும், என் குறிப்பில் அவன் 'தன் தரப்பை எடுத்துரைத்தார்'. கடைசி வரி எப்போதும் ஒன்றே: 'மேற்கண்டவை இரு தரப்பினருக்கும் படித்துக் காட்டப்பட்டன, சரியென ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டனர்.' இந்த வரியை நான் என் ஆயுளில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவையும் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் யார் கேட்பார்கள்?

லூர்துசாமி சார் ஓய்வு பெற்றுப் போனார். பிறகு எத்தனையோ தாசில்தார்கள் வந்தார்கள், போனார்கள். சாருடைய முறை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்ததும் அது இன்னும் மெருகேறியது. பழைய குறிப்பைத் திறந்து, பெயரையும் ஊரையும் மாற்றி, பிரிண்ட் கொடுத்தால் போதும். என்னைக் கேட்டால் காரைக்கால் மாவட்டத்தின் சகல சமாதானமும் ஒரே ஒரு ஃபைலிலிருந்து பிறந்ததுதான்.

இனி ஜெனிட்டா. என் பணியின் கடைசி வருடத்தில், இதே போன்ற ஒரு படிப்பைப் படித்துக்கொண்டிருந்த பெண். முப்பது நாள் 'இன்டர்ன்ஷிப்' என்று கடிதத்தோடு வந்து நின்றாள். இப்படி ஒருத்தி வருவாள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவளிடம், "உக்காரும்மா" என்று சொல்லலாமென்றால் நாற்காலி இல்லை. பியூன் அந்தோணி எங்கிருந்தோ முதுகு ஒடிந்த ஒன்றைக் கொண்டுவந்து சுவரோடு சாய்த்துப் போட்டார். புறாத் தாளில் 'கள அனுபவம்' என்று போட்டிருக்கிறதே, அது அந்த நாற்காலிதான்.

"என்னம்மா படிச்சிருக்கீங்க இதுவரைக்கும்?"

"மோதலோட ஏழு படிநிலை சார்."

"எங்க ஊர்ல ரெண்டுதான். கத்துவான், வெட்டுவான். நடுவுல நான் ஒரு தாள் நீட்டுவேன்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டாள்.

அவள் அங்கே இருந்தபோதுதான் விழிதியூர்ப் பக்கத்து வாய்க்கால் தகராறு வந்தது. மழை முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்ட தை மாதம். சம்பாப் பயிர் கதிர் வந்து பால் பிடிக்கும் நேரம். ஒரு கிளை வாய்க்காலில் கொஞ்சமாக வருகிற தண்ணீர். தலைமடையில் கலியமூர்த்தியும் அவருடைய ஆட்களும் மணல் மூட்டை அடுக்கி மறித்துக்கொண்டார்கள். கடைமடையில் ஆறு வீட்டாருக்குத் தண்ணீர் இல்லை. அவர்களுக்காகப் பேச வந்தவர் செல்வி. கணவர் இறந்து, மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலத்தைத் தனியாகப் பார்க்கிற பெண். இந்தப் பயிர் வீட்டுக்கு வந்தால் அடுத்த அறுவடை வரை சாப்பாடு, வராவிட்டால் வேறு வழி இல்லை என்ற நிலை. கையில் ஒரு கொத்து நெற்கதிரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். "இன்னும் பத்து நாள் சார். பத்து நாள் ஈரம் இருந்தா போதும். இல்லாட்டி பதருதான்."

தாசில்தார் ஏதோ கூட்டத்துக்குப் புதுச்சேரி போயிருந்தார். நான்தான் தலைமை. என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். புதன்கிழமை, பன்னிரண்டு மணி, இரண்டு பெஞ்சு. ஜெனிட்டா முதுகு ஒடிந்த நாற்காலியில், மடியில் நோட்டோடு.

கலியமூர்த்தி கத்தினார். செல்வி கத்தினார். அழுதார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். ஒன்றரை மணிக்கு, கலியமூர்த்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"சரிங்க. வாரத்துல நாலு நாளு எனக்கு, மூணு நாளு அவங்களுக்கு. எம் புள்ள மேல சத்தியம், மீற மாட்டேன். போதுமா தங்கச்சி?"

"நீங்க சொன்னா சரிண்ணே" என்றார் செல்வி.

அவ்வளவுதான், முடிந்தது. மேதைத்தனமான வேலை. ஆனால் லூர்துசாமி சார் எனக்குச் சொல்லிக்கொடுக்காத ஒன்று இருந்தது: சாம்பார் வாசனை மேஜைக்கு இந்தப் பக்கமும் வரும். எனக்குப் பசி, காதை அடைத்தது. ஃபைலைத் திறந்தேன். முந்தின மாதம் கிளிஞ்சல்மேட்டில் இரண்டு படகுக்காரர்களுக்கு நடந்த வலைத் தகராறின் குறிப்பு. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், பிரிண்ட் கொடுத்தேன், நீட்டினேன்.

"சார், படிச்சுக் காட்டலையே?" என்றாள் ஜெனிட்டா.

"அதுலயே போட்டிருக்கும்மா, படித்துக் காட்டப்பட்டதுன்னு."

பெஞ்சில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். கையெழுத்துப் போட்டு, தரப்புக்கு ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் சாப்பிடப் போனேன். அன்று வத்தல்குழம்பு, இன்றைக்கும் ருசி நினைவிருக்கிறது. வெட்கக்கேடு.

ஐந்து நாள் கழித்து, திங்கட்கிழமை காலையில் செல்வி வந்தார். மூட்டை அப்படியே இருக்கிறதாம், ஒரு சொட்டு வரவில்லையாம். வீராப்பாகக் கலியமூர்த்திக்குப் போன் போட்டேன். அவர் நேரிலேயே வந்துவிட்டார், சட்டைப் பையில் அவருடைய பிரதியோடு. மகன் படித்துச் சொன்னானாம். மூன்றாவது விதியில் விரலை வைத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"'மறு உத்தரவு வரும் வரை... இரு தரப்பினரும்... கடலுக்குச் செல்வதில்லை என ஒப்புக்கொண்டனர்.' நாங்க யாரும் கடல் பக்கம் போவல சார். வேணும்னா விசாரிச்சுப் பாருங்க."

தண்ணீர் முறை எங்கே வர வேண்டுமோ அங்கே கடல் இருந்தது. நாலு நாளும் இல்லை, மூன்று நாளும் இல்லை, வாய்க்கால் என்கிற சொல்லே இல்லை. அந்தோணி வேகமாக வெளியே போனார், சிரிப்பதற்கென்று ஊகித்தேன். செல்வி சிரிக்கவில்லை. "அஞ்சு நாளு சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர்கள் வராந்தாவுக்குப் போனதும் என் மூளை வேலை செய்தது. கையெழுத்து இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் விதி முதல் பக்கத்தில். முதல் பக்கத்தை மட்டும் திருத்தி அடித்துச் செருகிவிட்டால்? இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"சார், அவர்கிட்ட காப்பி இருக்கே" என்றாள் ஜெனிட்டா.

இத்தனை வருட அனுபவத்துக்கு இது தோன்றவில்லை. படிப்பு முடியாத பெண்ணுக்குத் தோன்றியது.

"எங்கிட்ட எழுதி இருக்கு சார்" என்று நோட்டை எடுத்தாள். "அன்னைக்கு யார் என்ன பேசினாங்களோ அத்தனையும். அங்கேயே போய்ப் படிச்சிடலாமே?"

உங்கள் பேராசிரியர் இதற்கு ஏதாவது ஆங்கிலப் பெயர் வைத்திருப்பார். நான் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். வேறு வழி இல்லாததால் போனேன். பின்னால் ஜெனிட்டாவை உட்காரவைத்துக்கொண்டு என் மோட்டார் சைக்கிளில் விழிதியூர்ப் பக்கம்.

வாய்க்கால் கரையில் இரண்டு தரப்பும் கூடியது. அலுவலகத்துக்கு வந்தவர்கள் பத்துப் பேர். இங்கே அவர்கள் வீட்டுப் பெண்களும், பக்கத்து வயல்காரர்களும், கலியமூர்த்தியின் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். மணல் மூட்டைகளுக்கு மேல் ஏறி நின்று ஜெனிட்டா வாசித்தாள். மேடைப்பேச்சு மாதிரி இல்லை. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது மாதிரி ஒரே குரலில்.

அதில் எல்லாம் இருந்தது. கண்ணீர், கெட்ட வார்த்தை எல்லாம். கலியமூர்த்தி செல்வியின் இறந்த கணவரைப் பற்றிச் சொன்ன ஒரு வசவு வந்தபோது, கூட்டத்தில் ஒரு கிழவர் "ச்சீ" என்றார். செல்வி பதிலுக்குச் சொன்னது வந்தபோது செல்வியே தலையைக் குனிந்துகொண்டார். நான் நிம்மதியாக, இரண்டு பக்கமும் நன்றாக வாங்குகிறார்கள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் அடுத்த வரியையும் அதே குரலில் வாசித்தாள்.

"ஒரு மணி இருபது. தலைமை அதிகாரி, பியூனிடம்: 'இன்னும் அரைமணி போவட்டும்டா, வயிறு காஞ்சா தானா வழிக்கு வருவானுவ.'"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாய்க்காலில் தண்ணீர் இருந்திருந்தால் குதித்திருப்பேன்.

இரண்டு தரப்பும் ஒரே தரப்பாகிவிட்டது.

"அப்ப எங்களப் பட்டினி போட்டுத்தான் கையெழுத்து வாங்குனீங்களா?" என்றார் கலியமூர்த்தி.

"நாங்க காலைல அஞ்சு மணிக்குக் கஞ்சி குடிச்சிட்டு வந்தவங்கய்யா" என்று கடைமடைக்காரர் ஒருவர்.

"நீங்க சாப்பிட்டீங்களா சார் அன்னிக்கு?" இது கலியமூர்த்தியின் மனைவி.

"சாப்பிட்டேம்மா."

"என்னா கொழம்பு?"

சொன்னேன். வேறு என்ன செய்வது? கரையில் சிரிப்பு எழுந்தது. என் பணிக்காலத்தில் அப்படி மனமுவந்த ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. பணியாளர் ஒருவரை நடுவில் நிறுத்தி எல்லோருமாகச் சேர்ந்து திட்டுவது மோதல் தீர்வின் எத்தனையாவது படிநிலை என்று மாணவர்கள் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். "தப்புதான். மன்னிச்சிடுங்க" என்றேன். ஊர் முன்னால் நின்று நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜெனிட்டா சிரிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. சிரிப்பு அடங்கியதும் அடுத்த வரி: "கலியமூர்த்தி: நாலு நாளு எனக்கு, மூணு நாளு அவங்களுக்கு. எம் புள்ள மேல சத்தியம், மீற மாட்டேன்."

கலியமூர்த்தியின் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"புள்ள மேலயா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"புள்ள மேல சத்தியம் பண்ணிப்புட்டு, கடலு, கப்பலுன்னு சொல்லிக்கிட்டா திரிஞ்சீங்க அஞ்சு நாளா?"

லூர்துசாமி சார் சத்தியத்தை எழுதக்கூடாது என்றார். என் குறிப்பில் அது இருந்ததே இல்லை. தலைமை என்று உட்கார்ந்திருந்த என்னுடைய முத்திரை, அலுவலகச் சீல், மூன்று பிரதி எதுவும் நகர்த்தாத அந்த மூட்டையைக் கலியமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கித் தூக்கினார். முதல் மூட்டையை அவர், இரண்டாவதைக் கடைமடைக்காரர் ஒருவர். தண்ணீர் பெரிதாக ஒன்றும் பாயவில்லை. கலங்கலாக, குப்பையைத் தள்ளிக்கொண்டு, மெதுவாகப் போனது. செல்வி அதோடு கூடவே கரையில் நடந்து போனார்.

மாணவர்களே, வாய்ப்புகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள், எழுதிவிடுகிறேன். வேலை நிறைய இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில், சட்ட உதவி மையத்தில், காவல் நிலைய வராந்தாவில், மீனவர் பஞ்சாயத்தில், வாய்க்கால் கரையில் எல்லா இடத்திலும் இருக்கிறது. பதவிதான் இல்லை. ஜெனிட்டா இப்போது ஒரு சட்ட உதவி மையத்தில் தன்னார்வலர். கூப்பிட்ட நாளுக்கு மட்டும் படி தருகிறார்கள். மற்ற நாட்களில் ட்யூஷன் எடுக்கிறாள். அவளைப் போன்றவர்களுக்கு ஒரு நிரந்தர நாற்காலி போடத் தெரியாத நாம்தான் ஜெனீவா ஜெனீவா என்று தாள் அடிக்கிறோம். உங்கள் பேராசிரியர் இந்தப் பத்தியை வெட்டாமல் இருந்தால் அவருக்கு அமைதிப் பரிசு கொடுக்கலாம்.

அன்று சாயங்காலம் புதுக் குறிப்பை அங்கேயே எழுதினேன். கம்ப்யூட்டரும் இல்லை, பழைய ஃபைலும் இல்லை. மோட்டார் சைக்கிள் சீட்டில் தாளை வைத்து, பேனாவால். நாலு நாள், மூன்று நாள், எந்தெந்தக் கிழமை எல்லாம். சத்தியத்தையும் எழுதினேன். கடைசியில் ஒரு விதி: முந்தைய குறிப்பில் துணை தாசில்தாரின் கவனக்குறைவால் ஏற்பட்ட பிழையினால் ஐந்து நாட்கள் தண்ணீர் விடப்படவில்லை; அதனால் செல்வியின் வயலில் அரை மா பயிர் கருகியது. இப்படி எழுதினால் மெமோ வரும் என்று தெரியும். வந்தது.

ஜெனிட்டாவிடம் கொடுத்தேன். உரக்கப் படித்தாள். கலியமூர்த்தி தலையாட்டினார். கடைசி விதி வந்ததும், ஈரக்காலோடு அப்போதுதான் திரும்பியிருந்த செல்வி கையை நீட்டித் தடுத்தார்.

"அரை மா இல்லீங்க. முக்கா மா."

"அரை இருக்கும்னு நெனச்சேம்மா."

"நெனச்சு எழுதாதீங்க. வந்து பாருங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் அவர் பின்னால் போனேன். மேற்கு மூலையில் ஒரு கதிரைப் பறித்து, மணியை என் முன்னால் நகத்தால் நசுக்கிக் காட்டினார். பால் வரவில்லை. பத்தடி தள்ளி இன்னொன்று. அதிலும் இல்லை. அவர் காட்டிய வரப்பு வரைக்கும் நடந்து நடந்து நானே நசுக்கிப் பார்த்தேன். முக்கால் மாதான்.

திரும்பி வந்து, 'அரை'யை அடித்து 'முக்கால்' என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட எல்லோரும் கைநீட்டினார்கள்.

"இருங்க" என்றேன். "முதல்லேருந்து படிம்மா."